பிரின்டர் என்று நான் எழுதிய வரி

கல்லூரி வைஃபைக்கு ஆளுக்கொரு பாலிசி, அதாவது யாருக்கு எது ஆகும் என்ற விதி, போட வேண்டும் என்று தாளாளர் சொன்ன அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேலிடத்து உத்தரவை மனசில்லாமல் நிறைவேற்றிய அப்பாவி என்று என்னைப் பற்றி யாரும் நினைத்துவிடக் கூடாது. பல்லை இளித்துக்கொண்டுதான் செய்தேன்.

திருவட்டாறு தாண்டி பேச்சிப்பாறைக்குப் போகிற சாலையிலிருந்து ஒரு ரப்பர்த் தோட்டம் சரிந்து இறங்கும். அந்தப் பள்ளத்தில்தான் கல்லூரி. மொபைல் சிக்னல் மேலே சாலையோடு நின்றுவிடும், பள்ளத்துக்குள் இறங்காது. கட்டடத்துக்குள் ஃபோன் என்பது மணி பார்க்க மட்டும்தான். அதனால் கல்லூரி வைஃபையை விட்டால் வேறு வழியில்லை. அந்த வைஃபைக்கு நான் பொறுப்பு. சென்னையில் பத்து வருஷம் பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அப்பா படுக்கையில் விழுந்தபின் நாகர்கோவிலுக்குத் திரும்பி, தினமும் பஸ் ஏறி இந்தப் பள்ளத்துக்கு வந்துகொண்டிருந்தேன். வந்த இடத்தில் எனக்கு இருந்த வேலை எலி கடித்த கேபிளை மாற்றுவதும், பிரின்டரில் சிக்கிய தாளை உருவுவதும். படித்த படிப்புக்கு ஒரு நாளாவது வேலை வராதா என்று ஏங்கிக் கிடந்தேன்.

தாளாளரின் எரிச்சலுக்குக் காரணம் வராந்தா. இந்த ஜில்லாவில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். பதினொன்றரை மணியானால் வளைகுடாவில் அவர்களுக்குத் தேநீர் நேரம். இங்கே எங்கள் ஊழியர்கள் வராந்தாத் தூண்களுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் வீட்டுக்குப் போட்ட கான்கிரீட்டைப் பற்றிச் சண்டை பிடிப்பார், இன்னொருவர் பிள்ளையின் மார்க்கை ஒப்பிப்பார். தாளாளர் ஒருநாள் அந்த வழியாக நடந்து வந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது காலேஜா, டெலிபோன் பூத்தா? வேலை நேரத்துல ஒருத்தருக்க போன் காலும் போவப்பிடாது. ஆளுக்கு என்ன வேணுமோ அத மட்டும் விடுங்க. உங்களால ஆவுமா, இல்ல வெளிய இருந்து ஆளக் கூப்பிடணுமா?"

வெளியே இருந்து ஆள் என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ரெண்டே வாரத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்றேன்.

ஃபயர்வால் என்பது ஒரு பெட்டி. கல்லூரிக்குள் வருவதும் வெளியே போவதும் அதன் வழியாகத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு யூசர் பெயர் கொடுத்து, அந்த யூசரை ஒரு குழுவில் சேர்த்து, குழுவுக்கு இவ்வளவு வேகம், இன்னது ஆகும், இன்னது ஆகாது, இத்தனை மணிமுதல் இத்தனை மணிவரை என்று வரிவரியாக எழுத வேண்டும். பெட்டி அந்த வரிகளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது.

நான் எழுதி முடித்ததும் அது கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. தாளாளரும் அவர் வீட்டாரும் முதல் பந்தி, கேட்டதெல்லாம் உண்டு. பேராசிரியர்கள் அடுத்து. கௌரவ விரிவுரையாளர்கள் அதற்கும் அடுத்து. அவர்களின் கௌரவம் எவ்வளவு வேகம் என்பதையும் நானே முடிவு செய்தேன். மாணவர்கள், அலுவலகம், கடைசியாக அட்டெண்டர், தோட்டக்காரர், வாட்ச்மேன். கடைசிப் பந்திக்கு மெசேஜ் போகும், வரும். கால் மட்டும் ஒன்பதுமுதல் நாலரைவரை கிடையாது.

கிடையாது என்றால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான். இந்தச் செயலிகளில் மணி அடிப்பதற்கு ஒரு வழி, குரல் போவதற்கு வேறொரு வழி. மணி மெசேஜ் போகிற வழியிலேயே வந்துவிடும். நான் அடைத்தது குரலின் வழியை. ஆக, ஃபோன் மணி அடிக்கும், எடுக்கலாம், ஹலோ என்றும் சொல்லலாம். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது, இந்தப் பக்கமும் ஒன்றும் கேட்காது. மணியையும் சேர்த்து அடைத்திருக்க முடியும். அதற்கு இன்னும் அரைநாள் உட்கார வேண்டும். எப்படியும் பேச முடியாதே, மணி அடித்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

பாலிசி ஓட ஆரம்பித்த மூன்றாம் நாள், எக்ஸாம் செக்‌ஷனில் அட்டெண்டராக இருந்த அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். அதற்குமுன் அவரோடு நான் அதிகம் பேசியதில்லை. விடைத்தாள் கட்டுகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவார், எல்லாருக்கும் டீ கொண்டுவந்து வைப்பார், அவ்வளவுதான் தெரியும்.

"சாரே, எனக்க மவன் இனி கூப்பிட்டா பேச முடியாதா?"

எல்லாருக்கும் அப்படித்தான் அக்கா, நாலரைக்கு மேல் பேசுங்கள் என்றேன்.

"அவன் நாலரைக்கு மேல கூப்பிட மாட்டான் சாரே. அவன் உள்ள கெடக்கான்."

ஒரே மகன். டிரைவர் வேலை என்று வளைகுடாவுக்குப் போனான். போன இடத்தில் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்க விட்டார்கள். முதலாளியிடமிருந்து தப்பி வேறு ஊரில் வேலை பார்த்தபோது பிடிபட்டு, எங்கோ ஒரு கேம்பில் அடைத்துவைத்திருந்தார்கள். கேம்பில் யாரோ ஒருவன் ஒளித்துவைத்திருந்த ஃபோன். முற்றத்தில் விடுகிற ஒன்றரை மணி நேரத்தில்தான் அதை எடுக்க முடியும். நமக்கு அது பதினொன்றரையிலிருந்து ஒரு மணி. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பரிலிருந்து வரும். இவர் திருப்பிக் கூப்பிடக் கூடாது, ஃபோன் அகப்பட்டால் அத்தனை பேருக்கும் அடி.

அக்கா திங்கள்கிழமை லீவு போட்டு நாகர்கோவிலுக்குப் போய் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருந்தார். அங்கே நல்லபடியாகத்தான் பேசினார்களாம். எந்தக் கேம்ப், அவனுக்கு அங்கே என்ன நம்பர், இந்த இரண்டும் எழுதி வந்தால் தூதரகத்துக்கு அனுப்பிவிடுகிறோம், இல்லாமல் அனுப்பினால் அங்கே தேடவே ஆள் இருக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நம்பரை மகன்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவன் கூப்பிட வேண்டும், இவர் கேட்க வேண்டும்.

"போவும்போ எங்கிட்ட பிணங்கிட்டுத்தான் போனான் சாரே. போவாண்டாம்னு சொன்னேன். கேக்கல்ல. ஏர்போர்ட்டுக்கும் நான் போவல்ல. இப்போ எனக்க நம்பர் ஒண்ணுதான் அவனுக்கு மனப்பாடம்."

நான் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, அக்காவின் யூசர் பெயருக்கு ஒரு விலக்கு எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது. அதுதான் முறை. யூசருக்குப் போடுவதற்குத்தானே இந்தக் கூத்தெல்லாம். ஆனால் மாதம் பிறந்தால் தாளாளருக்கு ஒரு அறிக்கை போகும், அதில் யாருக்கெல்லாம் விலக்கு என்று பெயர் வரும், அவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படிப்பார். அட்டெண்டருக்கு என்ன விலக்கு என்று கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது வழி, யூசரை விட்டுவிட்டு அவர் கையில் இருக்கும் ஃபோனின் நம்பரை, அந்த மெஷினுக்குள்ளேயே பொறித்திருக்கும் நீளமான நம்பரை, எழுதிவிடுவது. அறிக்கையில் வெறும் எழுத்தும் எண்ணுமாகத்தான் வரும். அதற்கு நாம் வைப்பதுதான் பெயர்.

நான் இரண்டாவதைச் செய்தேன். பெயர் கேட்ட கட்டத்தில் 'பிரின்டர் 2' என்று எழுதினேன். அப்போது அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன். இப்போது அதற்குச் சரியான பெயர் பயம் என்று தெரிகிறது. தாளாளரின் அறைக்குப் போய், அய்யா, ஒரு அம்மாவின் மகன் சிறையில் இருக்கிறான், அவருக்கு மட்டும் திறந்துவிடுகிறேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். ஒத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ. நான் கேட்கவே இல்லை.

"உங்களுக்கு மட்டும் திறந்து வெச்சிருக்கேன் அக்கா. யாரிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். ஃபோனுக்குத்தான் திறந்திருக்கிறேன், உங்களுக்கு இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் அவருக்குப் புரியாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஒரு கால் வந்தது. அக்கா ஓடிவந்து சொன்னார். கேம்ப் நம்பர் கிடைத்துவிட்டது என்று நினைத்து எழும்பினேன். இல்லை, காவல்காரன் ஒருவன் வந்துவிட்டான் என்று மகன் பாதியில் வைத்துவிட்டானாம். நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறானாம், அடுத்த தடவை முதல் காரியமாக அதைத்தான் சொல்வானாம். அக்கா அன்று சிரித்துக்கொண்டே டீ கொடுத்தார். எனக்கு என்னைப் பற்றியே கொஞ்சம் மதிப்பு கூடிப்போயிற்று. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நாகர்கோவில் வரைக்கும் நின்றே போனேன், கால் வலிக்கவில்லை.

அதற்குப்பிறகு நான் தினமும் காலையில் வந்ததும் அந்தப் பிரின்டர் 2 வரியைப் பார்ப்பேன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதன் வழியாக எவ்வளவு போயிற்று என்று ஒரு கணக்கு ஓடும். முதல் இரண்டு வாரம் அது பெரிதாக ஏறவில்லை. பிறகு திடீரென்று ஏற ஆரம்பித்தது. நாளுக்கு நாள் ஏறியது. அடேயப்பா, அம்மாவும் மகனும் சமாதானமாகிப் பேசித் தீர்க்கிறார்கள் என்று நினைத்தேன். போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செமஸ்டர் நேரம், அக்காவும் விடைத்தாளோடு அலைந்துகொண்டிருந்தார். பார்க்கிற இடத்தில் தலையாட்டிக்கொள்வோம். எண் ஏறுகிறதே, அதற்குமேல் என்ன கேட்க வேண்டும்?

மாதம் பிறந்தது. தாளாளர் அறிக்கையில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"தம்பி, இந்தப் பிரின்டர் என்னத்த இவ்வளவு இழுக்கு? இது பேப்பர் அச்சடிக்குதா, சினிமா பாக்குதா?"

சாஃப்ட்வேர் அப்டேட் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நேரே எக்ஸாம் செக்‌ஷனுக்குப் போய் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, கொஞ்சம் குறைத்துப் பேசுங்கள், மாட்டிக்கொள்வோம் என்றேன்.

அக்கா என்னைப் புரியாமல் பார்த்தார்.

"நான் எங்க சாரே பேசுனேன்? மூணு மட்டம் அடிச்சுது, மூணு மட்டமும் எடுத்தேன். சத்தமே இல்ல. மக்கா, மக்கான்னு கூப்பிட்டுப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல்ல. எனக்குத்தான் இந்தப் புதுப் போன்ல எங்க அமுக்கணும்னு தெரியல்லபோல."

புதுப் போன் என்ற சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் சொல்லிக்கொண்டே போனதைக் கேட்டேன். துபாயிலிருந்து லீவில் வந்த அக்காவின் தம்பி, மகனின் முகம் நல்லாத் தெரியட்டும் என்று அக்காவுக்கு ஒரு புது ஃபோன் கொண்டுவந்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு புது ஃபோன் வந்தால் பழையது சும்மா கிடக்காது. வீட்டுக்குள் ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு இறங்கும். என் சட்டைப்பையில் இருந்ததே மைத்துனன் தந்த பழசுதான். அக்கா தன் பழைய ஃபோனைக் கொழுந்தனுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் கொழுந்தன்தான் எங்கள் கல்லூரி கேட் வாட்ச்மேன். புது ஃபோனில் ஆபீஸில் யாரோ அக்காவின் யூசர் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா முறைப்படி கடைசிப் பந்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து அக்காவின் பழைய ஃபோனில் சினிமாக் காமெடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம நெட்டு இப்போ நல்லா ஓடுது சாரே, நிக்கவே இல்ல கேட்டியளா" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயமும் இல்லை.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பதிவுகளைத் தேடினேன். பெட்டி எதையும் மறக்காது. அக்காவின் யூசர் பெயர், பதினொன்று நாற்பது, மறுக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, பன்னிரண்டு பத்து, மறுக்கப்பட்டது. அதற்கு மூன்றாம் நாள், பதினொன்று ஐம்பத்தைந்து, மறுக்கப்பட்டது. கடைசியது ஏறத்தாழ இரண்டு நிமிஷம் நீடித்திருந்தது. இரண்டு நிமிஷம் அவன் அங்கே நம்பரைப் படித்துக்கொண்டிருந்தானா, அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தானா, எனக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில் நான் இந்த அறையில் இதே நாற்காலியில்தான் இருந்திருக்கிறேன்.

அன்றே அக்காவின் யூசர் பெயருக்கு விலக்கு எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். எழுதி முடிக்க நாலு நிமிஷம் ஆனது. தாளாளர் கேட்டால் கேட்கட்டும், வேலை போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன். வீராப்பு வருவதற்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. தாளாளர் கேட்கவே இல்லை. அடுத்த மாத அறிக்கையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையே இல்லை. அவருக்கு எண் பெரிதாக இருந்தால்தான் கண்ணில் படும்போல. அக்காவின் வரியில் எண்ணே இல்லை, ஏனென்றால் யாரும் கூப்பிடவில்லை.

புது ஃபோனைக் கையில் வாங்கி, என் ஃபோனிலிருந்து கூப்பிட்டு, குரல் வருகிறதா என்று காட்டிக் கொடுத்தேன். "சரியாயிட்டு அக்கா" என்றேன். ஃபோனில் ஏதோ கோளாறு இருந்தது, சார் அதை நேராக்கிவிட்டார் என்று அக்கா எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுப் பலாவில் பழுத்த வருக்கைச் சக்கையைச் சுளை எடுத்து இலையில் பொதிந்து கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"சாரு பாத்துத் தந்ததுக்கு" என்றார்.

அதை நான் தின்றேன். நல்ல இனிப்பு.

பிறகு காத்திருந்தோம். நாங்கள் என்று சொல்வதற்கு எனக்கு அருகதை இல்லை, ஆனாலும் நானும் காத்திருந்தேன். பதினொன்றரை மணியானால் அக்கா டீ கிளாஸ்களை அப்படியே வைத்துவிட்டு என் அறைக்குப் பக்கத்து வராந்தாவில் வந்து நிற்பார். அந்த இடத்தில் வைஃபை நன்றாக வருகிறது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஒரு மணிவரை ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒன்றானதும் போய்விடுவார். ஒருநாளும் ஒன்றும் அடிக்கவில்லை. மழைக்காலம் தொடங்கி, ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு நின்று, மறுபடி தொடங்கியது. மனு நாகர்கோவிலில் நம்பர் இல்லாமல் கிடந்தது. அக்கா இரண்டு தடவை போய் விசாரித்துவிட்டு வந்தார். அங்கே அதே பதிலைத்தான் சொல்ல முடியும், சொன்னார்கள்.

ஒருநாள் அக்கா வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். பதினொன்றரைக்கு வராந்தாவுக்கு வரவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்குள் வந்து, நான் சொல்லாமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். அதற்குமுன் ஒருநாளும் என் முன்னால் உட்கார்ந்ததில்லை.

மகனோடு அதே கேம்பில் இருந்த ஒருவன் விடுதலையாகி வந்திருக்கிறான். மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். முகவரி விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டான். அந்தக் கேம்பை மூடிவிட்டு எல்லாரையும் பிரித்து வேறு வேறு இடத்துக்கு ஏற்றிவிட்டார்களாம். மகனை எங்கே கொண்டுபோனார்கள் என்று அவனுக்குத் தெரியாது. காகிதத்தில் எழுதிய பழைய நம்பர் இனி எதற்கும் உதவாது. ஏற்றுகிறதற்கு முந்தின நாள் ஃபோன் வைத்திருந்தவன் வேண்டுமானால் ஒரு கால் போட்டுக்கொள் என்று நீட்டியிருக்கிறான். மகன் வாங்கவில்லை.

"ஏன்டேன்னு இவன் கேட்டானாம் சாரே. 'எங்கம்மைக்கு இன்னும் எங்கிட்ட பிணக்கம் தீரல்ல. மூணு மட்டம் கூப்பிட்டேன். எடுக்கா. எடுத்து வெச்சிட்டு ஒரு வார்த்த பேச மாட்டேங்கா. நான் சொல்லுதத மட்டும் கேட்டுட்டு நிக்கா. இனி கூப்பிட மாட்டேன்'னு சொன்னானாம்."

இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. முந்தின நாளே அழுது முடித்திருப்பார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா, அது உங்கள் ஃபோன் கோளாறு இல்லை, நான் போட்ட வரி என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அவர் மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"சாரே, இங்க பேசுதது எல்லாம் இதுக்குள்ள பதியும்னு ஆபீஸ்ல சொல்லுதாவ. நான் மக்கா, மக்கான்னு கூப்பிட்டேனே, அது இதுல இருக்குமா? இருந்தா ஒரு பேப்பர்ல எழுதித் தருவியளா? எங்க கெடந்தாலும் ஒருநாள் வருவான் இல்லியா. அம்ம பேசுனேன்னு காட்டணும்."

அப்போதும் என் திரையில் அந்த மூன்று வரிகள் திறக்கிற தூரத்தில்தான் இருந்தன. நாள், நேரம், அவருடைய பெயர், மறுக்கப்பட்டது. திறந்தால் ஓரத்தில் அந்தப் பாலிசியை எழுதியவரின் பெயரும் வரும்.

"குரல் பதியாது அக்கா" என்றேன்.

அவர் எழுந்து, என் மேசையில் இருந்த காலி டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்.